ஐசாக்கின் ஊத்தைச் சேட்

"இஞ்சாருங்கோ, அந்தச் சேட்டைக் கழட்டித் தாங்கோ. நான் தோய்ச்சுத் தாறன்."

வாழைச்சீப்பும் கையுமாகப் படியேறிய சுதாகரன், கேட்ட உடனேயே சேட்டின் மேல் தெறியைக் கழற்றினான். மனைவி இப்படிக் குழைந்து கேட்டு எவ்வளவு காலம். இரண்டாவது தெறியில் கை வைத்தபோதுதான், அவள் சொன்னது தன்னிடமில்லை என்பது விளங்கியது.

உதயகலா அறைக்குள் மேசைக்கு முன்னால் இருந்தாள். காதில் ஹெட்செட், கண் லப்ரொப்பில். அவன் வந்ததே அவளுக்குத் தெரியாது.

"எவ்வளவு ஊத்தை, ஐசாக். உதோடை நிண்டால் ஓநாய் மணந்து பிடிச்சிடும். கெதியாத் தாங்கோ."

சுதாகரன் கழற்றிய தெறியை மறுபடி பூட்டினான்.

அவன் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறவன். வாழை வெட்டுகிறவனின் சேட் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெட்டுவாயில் வடிகிற வாழைக்கயர் படும்போது தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். காய்ந்தால் கறுக்கும். பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. அவனிடம் இருந்த சேட்டெல்லாம் சிறுத்தைத் தோல்தான். கலியாணம் முடித்த புதிதில் உதயகலா தேசிக்காயும் உப்பும் போட்டு, கிணற்றடிக் கல்லில் உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சிப் பார்த்தாள். வோஷிங் மிஷின் வந்த பிறகு "போடுங்கோ அதுக்குள்ளை" என்பதோடு சரி.

அந்தக் கைதான் இப்போது ஐசாக்கின் சேட்டை உரஞ்சுகிறது.

அது வெறும் விளையாட்டு என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தம்பி அனுப்பிவிட்ட லப்ரொப், தம்பியே பழக்கிக் கொடுத்த விளையாட்டு. உலகம் அழிந்துபோய்விட்டதாம். மிஞ்சின நாலு சனம் காட்டுக்குள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு திரியவேண்டுமாம். தம்பி அதை அனுப்பியதற்கும் காரணம் இருந்தது. இரண்டு தடவை உதயகலாவின் வயிற்றில் பிள்ளை தங்கி, ஊரெல்லாம் வந்து கொண்டாடி, பிறகு அதே ஊர் அதே வாசலால் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. அந்தக் காட்டில் ஓநாய் உண்டு, பசி உண்டு, பனி உண்டு. "விசேஷம் ஏதும் உண்டோ" என்று கேட்க மட்டும் ஒருத்தரும் இல்லை.

அதெல்லாம் சுதாகரனுக்கு விளங்கும். அவள் காட்டில் திரியட்டும், ஓநாயைச் சுடட்டும். ஆனால் "இஞ்சாருங்கோ" என்பது அவனுடைய சொல். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டு, கலியாணத்துக்கு அடுத்த நாள் தொடக்கம் அவள் அவனுக்கென்று வைத்திருந்த சொல். உறுதி எழுதாத காணி மாதிரி, இத்தனை வருஷம் ஆண்டு அனுபவித்த சொத்து. அதை எவனோ ஒரு ஐசாக் வேலி தாண்டி வந்து பிடித்துக்கொண்டான்.

அன்று பின்னேரம் வெட்டின குலையெல்லாவற்றிலும் ஐசாக்கின் கழுத்துத்தான் தெரிந்தது.

ஊத்தையான சேட்டுக்குத்தான் மரியாதை என்றால், தன் சேட்டையும் ஊத்தையாக்கவேண்டியதுதானே என்று அவனுக்குப் பட்டது. அடுத்த நாள் தண்ணீர் பாய்ச்சி முடிந்ததும் நாலு பக்கமும் பார்த்தான். ஒருத்தரும் இல்லை. வாய்க்காலுக்குள் படுத்து இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால் உருண்டான்.

பக்கத்துத் தோட்டத்து ஏரம்பு அண்ணை மரவள்ளிக்குள் குந்தியிருந்ததை அவன் காணவில்லை. ஏரம்பு அண்ணை கண்டுவிட்டார். சுதாவுக்கு வலிப்பு என்று குழறிக்கொண்டு ஓடிவந்து, மண்வெட்டியைத் தூக்கி அவன் கைக்குள் திணித்து, இரும்பை விடாதே, இறுக்கிப் பிடி என்று நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டார். வலிப்பில்லை என்று சுதாகரன் சொல்லச் சொல்ல, வலிப்புக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவினம் என்றார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து ஒப்படைத்ததும் அவரேதான். உதயகலா பதறிப்போனாள். அவனை இருத்தி, முகம் துடைத்து, நாக்கைப் பார்த்து, உள்ளங்காலைத் தேய்த்தாள். எல்லாம் செய்தாள். சேட்டை மட்டும் இரண்டு விரலால் தூக்கி மிஷினுக்குள் போட்டாள். அன்று தொடக்கம் அவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தடை, கிணற்றடிக்குத் தனியாகப் போகவும் தடை.

இனி நேரடியாகக் கேட்டுப் பார்ப்பதென்று முடிவெடுத்தான். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, அந்தக் காட்டில் உடுப்பை என்னத்துக்கு இவ்வளவு தோய்க்கிறீர் என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டான்.

அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. அதைப் பார்க்கவே அவனுக்கு எரிந்தது. மழையில் நடந்தால் சேறாம். மானை உரித்தால் இரத்தமாம். ஊத்தை ஏறஏற உடுப்புக் குளிரைத் தாங்காதாம். காயத்தில் ஊத்தைத் துணியைக் கட்டினால் சீழ் பிடித்துச் சாகவேண்டியதாம். சரியென்று ஆற்றில் தோய்த்து ஈரத்தோடு போட்டால் காய்ச்சல் வந்தும் சாகலாமாம். நெருப்புக் கரையில் காயவைக்க வேண்டும். சும்மா சும்மா தோய்த்தாலும் துணி நைந்துபோம். சாம்பலும் கொழுப்பும் சேர்த்துச் சவர்க்காரம் காய்ச்சுகிற பக்குவம் வேறு.

"ஆளும் அப்பிடித்தான். முழுகாட்டில் மணக்கும். வியாபாரியள் முகாமுக்குள்ளை எடுக்க மாட்டினம்" என்றாள்.

"வாழைக்கயர் பட்டால்?"

"அதுக்குள்ளை வாழை இல்லை."

வாழை இல்லாத உலகம் அழிந்ததில் என்ன புதினம் என்று நினைத்துக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டான். "அந்த ஐசாக்குக்குத் தன்ரை சேட்டைத் தானே தோய்க்கேலாதோ?"

"பாவம், அவருக்குத் தோய்க்கத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது."

"உங்களுக்கு மிஷின் இருக்குத்தானே."

அதோடு அந்த விசாரணை முடிந்தது. ஐசாக் பாவம் என்ற செய்தி மட்டும் மிச்சம். பாவம் என்ற சொல் எங்கே போய் முடியும் என்பது சுதாகரனுக்குத் தெரியும். அவனையும் அவள் முதலில் பாவம் பார்த்துத்தான் கட்டினாள்.

பிறகு வந்தது அந்த நாள். குலை வெட்டுகிற சத்தகம் மறந்துபோய் மத்தியானம் வீட்டுக்குத் திரும்பி வந்தவன், யன்னலடியில் நின்றுவிட்டான். உதயகலாவின் குரல் வழமையைவிடத் தாழ்ந்திருந்தது. ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கதைத்தாள்.

"ஓம். நான் முழுகாமல் இருக்கிறன்."

அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஒருத்தி முழுகாமல் இருக்கிறேன் என்றால் அது கிணற்றடிச் சமாச்சாரமல்ல. வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம். சுதாகரனுக்கு யன்னல் கம்பி இரண்டாகத் தெரிந்தது. தடையையும் மறந்து நேரே கிணற்றடிக்குப் போனான். ஒரு வாளி தண்ணீரை அள்ளி, சேட்டும் சறமுமாகத் தலையில் ஊற்றிக்கொண்டான். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவனால் சொல்லமுடியாது, தண்ணீர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

இரண்டாவது வாளியை இழுக்கும்போதுதான் மற்றது உறைத்தது. அவள் இதைச் சொன்னது ஐசாக்கிடம். பெற்ற தகப்பனாகப் போகிறவன் சத்தகம் தேடிக்கொண்டு நிற்கிறான், ஊத்தைச் சேட்டுக்காரன் முதல் ஆளாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறான். வாளி கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது.

அவள் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். இரவுச் சாப்பாட்டில் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. புளிமாங்காய் வாங்கிவந்து மேசையில் அவள் கண்ணில் படும்படி வைத்தான். அவள் அதை வெட்டிப் பருப்புக்குள் போட்டாள். தலைச்சுற்றேதும் உண்டோ என்று கேட்டான். வலிப்பு வந்தது உங்களுக்கு, தலைச்சுற்று எனக்கோ என்று கேட்டாள்.

"எனக்குச் சொல்ல ஏதும் இருந்தால் சொல்லும்" என்றான் கடைசியில்.

அவள் அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரியும் இருந்தது. பிறகு, "மிஷின்ரை பைப் ஒழுகுது" என்றாள்.

இவனைக் கெட்டவனென்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை பிடித்தவனுக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும், மற்றதெல்லாம் லீவில் போய்விடும். ஐசாக்குக்குத் தெரிந்தது என்ரை கூடப்பிறந்தவளுக்குத் தெரியக்கூடாதோ என்று ஒரு வீம்பு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் பஸ் ஏறி இணுவிலுக்கு, அக்கா பத்மாவதி வீட்டுக்குப் போனான்.

பத்மாவதி நல்ல மனிசி. ஆனால் ஒரு செய்தியை அவள் வாயில் வைப்பதும் கோயில் ஸ்பீக்கரில் வைப்பதும் ஒன்று. முந்தின இரண்டு தடவையும் ஊருக்குச் சொன்னவள் அவள்தான். அதற்காக உதயகலா இவனிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியம் பஸ்ஸில் வரும்போது அவனுக்கு நினைவு வந்ததுதான். ஐசாக்கும் நினைவு வந்தான். ஐசாக் வென்றான்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னான்.

அடுத்த நாள் காலமை ஒரு வான் வந்து வாசலில் நின்றது. பத்மாவதி இறங்கினாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள். மாதுளம்பழம், முருங்கையிலை, செம்பில் பசுப்பால். பத்மாவதி நேரே அறைக்குள் போனாள். உந்த லப்ரொப்பின் சூடு வயிற்றுக்குக் கூடாது என்று அதன் வயரைப் பிடுங்கி, துவாயால் மூடினாள். ஒரு பெண் உதயகலாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, பெடியன்தான் என்றாள். மற்றவள் இல்லை, பெட்டை என்றாள்.

உதயகலா பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றாள். "ஆர் சொன்னது?"

எல்லாரும் சுதாகரனைப் பார்த்தார்கள்.

"நீர்தான் சொன்னனீர். என்ரை காதாலை கேட்டனான்" என்றான் அவன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாட்கணக்காக அடக்கி வைத்தது வாய்க்கால் உடைத்த மாதிரி வந்துவிட்டது. "முழுகாமல் இருக்கிறன் எண்டு எனக்குச் சொல்லேல்லை. ஐசாக்குக்குச் சொன்னனீர்."

ஒருத்தி சத்தமில்லாமல் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆரடா உவன் ஐசாக்?" என்றாள் பத்மாவதி.

அப்போதுதான் சுதாகரனுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. பிள்ளை கிடைத்த சந்தோஷத்தைப் பறிகொடுத்தது போதாதென்று, பிள்ளையின் தகப்பன் வேலையையும் தானே எழுந்து நின்று இன்னொருத்தனுக்குத் தாரைவார்த்துவிட்டான். நாளைக்கு நீர்வேலிச் சந்தையில் இதைத்தான் குலை விலையோடு சேர்த்துக் கதைப்பார்கள்.

உதயகலா அந்தப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பால் செம்பைப் பார்த்தாள். மாதுளம்பழத்தைப் பார்த்தாள். வானையும் எட்டிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

துவாயை எடுத்து லப்ரொப்பைத் திறந்தாள். ஐசாக் என்பவர் வட்டுக்கோட்டையில் படிப்பித்து ஓய்வெடுத்த மாஸ்டராம். வயது எழுபதைத் தாண்டிவிட்டதாம். முழங்கால் ஏலாமல் வீட்டோடு இருக்கிறவர். ஓநாய் பாய்கிற நேரத்தில் மாஸ்டர் என்று நீட்டி முழக்கினால் ஆள் முடிந்துவிடும், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ என்று அவரே சொன்னவராம். கூட விளையாடுகிறது அவருடைய மனிசி சீலா அன்ரி. அவ பருத்தித்துறைப் பக்கம் மருத்துவிச்சியாக இருந்து பென்சன் எடுத்தவ.

"பிள்ளைப்பேறு பாத்த கை. இப்ப ஓநாய் சுடுறா" என்றாள் உதயகலா. "மாஸ்டரின்ரை சேட்டை ஏன் நான் தோய்க்கிறன் எண்டால், சீலா அன்ரி தோய்க்க மாட்டன் எண்டிட்டா. வீட்டிலை நாப்பது வருஷம் தோய்ச்சது காணுமாம். உலகம் அழிஞ்ச பிறகுமோ எண்டு கேக்கிறா."

பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

"அது சரி. முழுகாமல் எண்டது?" பத்மாவதி விடவில்லை.

"உதுக்குள்ளைதான். முழுகாத ஆளை வியாபாரியள் முகாமுக்குள்ளை விடாங்கள். அதுதான் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டனான்."

திரையில் நெருப்புக் கரையில் மூன்று பேர் நின்றார்கள். தாடி வைத்த வாட்டசாட்டமான ஒருத்தன், இடுப்புவரை சேறு. ஒரு பெண், தலைமயிர் சடைபிடித்து, கோட் கிழிந்து, இரத்தமும் மண்ணும் அப்பினபடி. இன்னொருத்தி வெள்ளைச் சட்டையில், தைப்பூசத்துக்குப் போகிறவள் மாதிரிப் பளிச்சென்று.

"உதிலை நீ எது?" என்றாள் பத்மாவதி.

உதயகலா சடைபிடித்தவளைத் தொட்டுக் காட்டினாள்.

பெண்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். இவ்வளவு ஊத்தையாய் ஒரு பெட்டை இருக்கலாமோ என்று ஒருத்தி கேட்டாள். பத்மாவதி மாதுளம்பழத்தை எண்ணிப் பைக்குள் போட்டாள். முருங்கையிலையை மட்டும் வறுத்துச் சாப்பிடச் சொல்லி விட்டுவிட்டு, தம்பியின் வலிப்புக்கு நல்ல டொக்டரைப் பார்க்கவேண்டும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். வான் திரும்பும்போதே யாரோ போனில் கதைக்கிற சத்தம் கேட்டது. அது பிள்ளையில்லையாம், கொம்பியூட்டர் விளையாட்டாம்.

வீடு அமைதியானது. சுதாகரன் கதிரையில் இருந்தான். ஐசாக்கை நினைத்து எரிந்த இடம் இப்போது குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்ததும் அந்த இடம் எவ்வளவு பெரிய வெறுமை என்று தெரிந்தது. இந்தக் கொஞ்ச நாளும், ஐசாக்கைத் திட்டிக்கொண்டே, தோட்டத்து மூலையில் ஒரு கப்பல் வாழையைப் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"குடியுமன், வீணாப்போம்" என்று அவர்கள் விட்டுப்போன பால் செம்பை நீட்டினான்.

"அங்காலை எடுங்கோ. மணக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதயகலா பின்வளவுத் தேசிமரத்தடிக்குப் போனாள். அவன் பாலை மணந்து பார்த்தான். காலமை கறந்த பால். ஒரு மணமும் இல்லை.

மேசையில் கிடந்த ஹெட்செட்டுக்குள் இருந்து யாரோ கதைத்தது பூச்சி இரைகிற மாதிரிக் கேட்டது. சுதாகரன் அதை எடுத்துக் காதில் கொழுவினான்.

"கலா, பிள்ளை, நிக்கிறியளோ? நான் பேந்தும் சேத்துக்கை விழுந்திட்டன்."

பல்லில்லாத, சாதுவான ஒரு கிழட்டுக் குரல். இந்தக் குரலின் கழுத்தையா இவ்வளவு நாளும் வெட்டினோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. தான் கலாவின் அவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். ஐசாக் மாஸ்டருக்குச் சந்தோஷம். உங்களைப் பற்றிப் பிள்ளை நெடுகக் கதைப்பா, வாழைக்கயர் போகிற சவர்க்காரம் உண்டோ என்று சீலாவிடம் எத்தனை தரம் கேட்டுவிட்டா என்றார். இப்ப கொஞ்ச நாளாய் இரண்டு பேரும் ஏதோ குசுகுசுக்கினம், என்னைக் கண்டால் விறகு பொறுக்க அனுப்பிப்போடினம் என்று குறையும் சொன்னார்.

சுதாகரன் மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தான்.

"மாஸ்டர், ஒரு உதவி. என்ரை மனிசியை உதுக்குள்ளை ஒருக்கால் முழுகச் சொல்லுங்கோ. அவ ஊத்தையாத் திரிஞ்சதிலை இஞ்சை எனக்குப் பெரிய கரைச்சலாப் போச்சு."

அந்தப் பக்கம் மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"கலாவோ ஊத்தை? என்ன தம்பி கதைக்கிறியள், அந்த வெள்ளைச் சட்டைக்காரிதானே அவ. எங்களுக்கை நாள் தவறாமல் முழுகிறது அவ ஒராள்தான்."